எஞ்சின் நிற்பது ஏன்? ஊகமும் சோதனையும்

மேற்கு வங்காளத்தின் டார்ஜிலிங் மலைப்பகுதியில், நேபாள எல்லையை ஒட்டி மானேபஞ்சங் என்னும் சிற்றூர் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் அமைந்த இவ்வூரிலிருந்து, 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ சிகரத்திற்குச் செல்லும் பாதையின் நீளம் சுமார் 31 கிலோமீட்டர்தான். ஆயினும் கற்கள் பரவிய, செங்குத்தான இப்பாதையில் சாதாரண மோட்டார் வாகனங்கள் ஏறுவது நெடுங்காலம் இயலாத காரியமாகவே இருந்தது. 1948ஆம் ஆண்டில் அறிமுகமான லாண்ட் ரோவர் வண்டிகளே இங்குப் பல பத்தாண்டுகளாக ஆட்களையும் சரக்குகளையும் சுமந்து வந்தன. தேயிலைத் தோட்டங்களின் காலத்தில் வந்து, பின்னர் உள்ளூர் ஓட்டுநர்களின் கைக்கு மாறியவை அவை. இன்று அவற்றின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. புதிய வாகனங்களும் மலையேறுகின்றன. எஞ்சிய பழைய வண்டிகளுள் சிலவற்றில் டீசல் எஞ்சின் மாற்றிப் பொருத்தப்பட்டுள்ளது. எனினும் அறுபது, எழுபது ஆண்டுகள் ஓடிய ஒரு வண்டி பிழைத்திருக்கிறதென்றால், அதனைப் பேணியவர்கள் அதன் குணங்களை எவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்க வேண்டும் என்பதை ஊகித்தறிதல் அரிதன்று.

லாண்ட் ரோவருக்கும், அமெரிக்க வில்லிஸ் நிறுவனத்தின் உரிமத்தின்பேரில் மஹிந்திரா நிறுவனம் இந்தியாவில் தயாரித்த ஜீப்புக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. முதல் வரிசை லாண்ட் ரோவரின் பெட்ரோல் எஞ்சினிலும், வில்லிஸ் ஜீப்பின் 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினிலும் உள்ளிழுக்கும் வால்வு மேலேயும், புகைபோக்கும் வால்வு பக்கத்திலும் அமைந்திருக்கும். இரண்டிலும் கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், காயில், நான்கு பிளக்குகள் ஆகியவையே முக்கிய உறுப்புகள். மின்னணுச் சாதனம் எதுவும் கிடையாது. மறைவான பாகம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. அங்ஙனமிருந்தும், ஓடிக்கொண்டிருக்கையில் எஞ்சின் திடீரென்று நின்றுவிடுவதைப்போல் ஓட்டுநரையும் உடன் செல்வோரையும் குழப்பும் பழுது வேறொன்று இல்லை.

இப்பழுது வெறும் அசௌகரியம் மட்டுமன்று. செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சின் நின்றால், வண்டி பின்னோக்கி உருளும் அபாயம் உடனே தோன்றுகிறது. மலைக்கிராமத்திலிருந்து நோயாளி ஒருவரை இறக்கிவருகையில் நின்றால் இழப்பது காலம். தடுப்பூசிப் பெட்டியைக் கொண்டு செல்கையில் நின்றால், 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடுக்குள் இருக்கவேண்டிய மருந்தின் வலிமையே கேள்விக்குரியதாகிறது. ஆதலின் எஞ்சின் நிற்பதன் காரணத்தைச் சரியாக அறிவது பணிமனைக்கு மட்டுமே உரிய விஷயம் அன்று. களப்பணியில் உள்ள ஒவ்வொருவருக்கும் அதில் அக்கறை இருத்தல் வேண்டும்.

பாகம் மாற்றும் பழக்கம்

எஞ்சின் நின்றால் வழக்கமாக நடப்பது யாது? மூடியைத் திறந்தவுடன் ஒருவர் காயிலைச் சந்தேகிக்கிறார். மற்றொருவர் கார்புரேட்டரைக் குறை கூறுகிறார். அருகில் எந்தப் பாகம் கிடைக்கிறதோ அது மாற்றப்படுகிறது. வண்டி ஓடினால், மாற்றிய பாகமே குற்றவாளி என்று தீர்ப்பாகிறது. ஓடாவிட்டால், அடுத்த பாகம் மாற்றப்படுகிறது. இம்முறையில் வண்டி சில வேளைகளில் ஓடிவிடுகிறது என்பதே இதிலுள்ள பெருந்தீங்கு. ஏனெனில், வெற்றி பெற்ற தவறான முறை தோல்வியுற்ற முறையைவிட நெடுநாள் நிலைக்கிறது.

ஓர் உதாரணத்தைக் கருதலாம். கோடைக்காலப் பிற்பகலில் ஒரு பழைய பெட்ரோல் ஜீப்பு, பாரத்துடன் நீண்ட ஏற்றம் ஏறுகிறது. எஞ்சின் நன்கு சூடேறிய பின் நின்றுவிடுகிறது. ஸ்டார்ட்டரை எவ்வளவு சுழற்றினாலும் கிளம்பவில்லை. ஓட்டுநர் காயில் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, கருவிப்பெட்டியைத் தேடியெடுத்து, பழைய காயிலைக் கழற்றிப் புதியதைப் பொருத்துகிறார். இதற்கு இருபது நிமிஷங்கள் ஆகின்றன. சாவியைத் திருப்பியவுடன் எஞ்சின் கிளம்புகிறது. காயில்தான் காரணம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

ஆனால் அந்த இருபது நிமிஷங்களில் மாறியது காயில் மட்டும்தானா? எஞ்சின் ஆறியது, பெட்ரோல் பம்ப் ஆறியது, பெட்ரோல் செல்லும் குழாயும் ஆறியது. குழாயினுள் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்திருந்தால், அந்த ஆவி மறுபடியும் திரவமாகியிருக்கும். காயிலைத் தொடாமல் மரநிழலில் உட்கார்ந்திருந்தாலும் வண்டி கிளம்பியிருக்கும். இரண்டு மாறுதல்கள் ஒரே வேளையில் நிகழ்ந்தன. ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது, மற்றொன்று தெரியவில்லை. தெரிந்ததற்கே புகழ் சேர்ந்தது. மறுநாள் அதே ஏற்றத்தில், அதே உஷ்ணத்தில், புதிய காயிலுடன் வண்டி மறுபடியும் நிற்கும். அப்போது புதிய காயிலும் போலிச் சரக்கு என்று பழிக்கப்படும்.

இதில் குறை ஓட்டுநருடையதன்று. ஒரு நிகழ்ச்சிக்குப் பின் வந்தது அந்நிகழ்ச்சியால் வந்தது என்று கருதுவது மனித மனத்தின் பொதுவான பிழை. மருந்துக்குப் பின் காய்ச்சல் இறங்கினால் மருந்தே இறக்கியது என்றும், பூசைக்குப் பின் மழை பெய்தால் பூசையே பெய்வித்தது என்றும் முடிவு கட்டும் அதே மனம்தான் இங்கும் வேலை செய்கிறது. இப்பிழையைத் தவிர்ப்பதற்காகவே விஞ்ஞானம் சோதனை என்னும் முறையை வகுத்துக்கொண்டது. ஆய்வுக்கூடத்தில் அம்முறையைப் போற்றிவிட்டுச் சாலையோரத்தில் அதனைக் கைவிடுவது நியாயமாகாது.

நின்ற விதமே முதற் சான்று

சோதனை தொடங்குவதற்கு முன்பே ஓட்டுநரிடம் ஒரு சான்று இருக்கிறது. எஞ்சின் எவ்விதம் நின்றது என்பதே அது. இச்சான்றைக் கேட்டுப் பெறுவதற்குச் செலவு ஏதுமில்லை. ஆனால் கேட்காமல் விட்டால் சில நிமிஷங்களில் அது மறைந்துவிடும்.

சாவியைத் திருப்பி நிறுத்தியதுபோல், எவ்வித முன்னறிவிப்புமின்றிச் சட்டென்று நின்றதாயின், மின்சாரப் பகுதியையே முதலில் நோக்க வேண்டும். இக்னிஷன் சாவியின் இணைப்பு, காயிலுக்குச் செல்லும் கம்பி, டிஸ்ட்ரிபியூட்டரினுள் இருக்கும் பாயிண்டுகள், கண்டென்ஸர் ஆகியவை இதில் அடங்கும். மாறாக, இருமி, தள்ளாடி, வலுக்குறைந்து, ஆக்ஸிலேட்டரை மிதித்தும் பலனின்றி மெல்ல அடங்கியதாயின், பெட்ரோல் வந்து சேரவில்லை என்று ஐயுறலாம். கறுத்த புகையுடனும் பெட்ரோல் நாற்றத்துடனும் நின்றதாயின், பெட்ரோல் மிகுந்துவிட்டது என்று கொள்ளலாம்; கார்புரேட்டரின் மிதவை ஓட்டையாகித் திரவத்தில் மூழ்கியிருக்கலாம், அல்லது ஊசி வால்வில் தூசு சிக்கியிருக்கலாம்.

ஓடும்போது குறையின்றி, வேகம் தணிந்து நிலையாக நிற்கும்போது மட்டும் எஞ்சின் அணைகிறதென்றால், குறைவேக ஜெட்டில் அடைப்போ, கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள இணைப்பில் காற்றுக் கசிவோ இருத்தல் கூடும். பக்கவாட்டில் சாயும் பாதையிலோ செங்குத்தான ஏற்றத்திலோ மட்டும் நிற்கிறதென்றால், மிதவைக் கிண்ணத்தின் மட்டத்தையும், டாங்கில் பெட்ரோல் குறைந்து உறிஞ்சுகுழாயின் வாய் வெளிப்படுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஓடையைக் கடந்தவுடன் நின்றால், விசிறி இறைத்த நீர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை நனைத்திருக்கும். உலர்ந்த துணியால் மூடியின் உட்புறத்தைத் துடைப்பதே போதுமானதாகலாம். டாங்க் நிரப்பிப் புறப்பட்ட சில கிலோமீட்டரில் நின்று, சற்றுப் பொறுத்துக் கிளம்பி, மறுபடியும் நின்றால், டாங்க் மூடியைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். 'உஸ்' என்று காற்று உள்ளே புகும் ஒலி கேட்டால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டு, டாங்கினுள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வராமல் தடுத்தது என்பது தெளிவு.

இவை யாவும் ஊகங்களே, தீர்ப்புகள் அல்ல. ஆனால் எந்தச் சோதனையை முதலில் செய்யவேண்டும் என்பதை இவை காட்டுகின்றன. ஓட்டுநரிடம் 'எந்தப் பாகம் கெட்டது?' என்று கேட்பதே பல இடங்களில் வழக்கம். அவரும் ஒரு பாகத்தின் பெயரைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. 'நிற்பதற்கு முன் என்ன கண்டீர்கள், என்ன கேட்டீர்கள்?' என்று கேட்டால், அவர் அறிந்ததையே சொல்வார். இரண்டாவது கேள்விக்கு அவரைவிடத் தகுதியான சாட்சி வேறு யாரும் இல்லை. அவருடைய படிப்பைக் காரணம் காட்டி இச்சாட்சியத்தை அலட்சியம் செய்வது மரியாதைக் குறைவு மட்டுமன்று. விஞ்ஞானக் குறைவும் ஆகும்.

சோதனையின் வரிசை

பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்கு மூன்று தேவைகள் உள்ளன: தக்க அளவில் கலந்த பெட்ரோலும் காற்றும், போதிய அழுத்தம், தக்க சமயத்தில் தீப்பொறி. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினில் அழுத்தம் ஒரே கணத்தில் மறைந்துபோவது அரிது. ஆதலின் விசாரணை பெரும்பாலும் பெட்ரோல், பொறி ஆகிய இரண்டினுள் அடங்கிவிடுகிறது.

இவ்விரண்டனுள் பொறியையே முதலில் சோதிக்க வேண்டும். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது பாதுகாப்பு: பெட்ரோல் குழாயைக் கழற்றிய பின் அதன் ஆவி சூழ்ந்திருக்கும் இடத்தில் பொறியை உண்டாக்குவது தீயை வரவழைப்பதாகும். இரண்டாவது காரணம் காலம்: உஷ்ணத்தால் கெடும் காயிலும் கண்டென்ஸரும் ஆறியவுடன் மறுபடியும் வேலை செய்யத் தொடங்கக்கூடும். எஞ்சின் நின்ற முதற் சில நிமிஷங்களுக்குள் சோதித்தால்தான் உண்மை அகப்படும். ஆறிய பின் சோதித்தால் எல்லாம் நலமாகவே காணப்படும்.

சோதனை எளியது. பெட்ரோல் கசிவு எங்கும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவிலிருந்து காயிலின் கம்பியைக் கழற்றி, அதன் முனை எஞ்சினின் இரும்பிலிருந்து ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தூரத்தில் நிற்குமாறு உலர்ந்த மரக்குச்சியால் நிறுத்தி, ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். கம்பியைக் கையால் பிடித்தலாகாது. நீலநிறத்தில், 'பட்' என்ற ஒலியுடன் பொறி பாய்ந்தால், காயில், கண்டென்ஸர், பாயிண்டுகள் ஆகிய மூன்றும் அந்நேரத்தில் வேலை செய்கின்றன என்பது நிரூபணமாகிறது. பொறி இல்லாவிட்டாலும், மஞ்சளாய் மெலிந்திருந்தாலும் குறை மின்சாரப் பகுதியில் உள்ளது. அடுத்தபடியாகப் பாயிண்டுகளின் இடைவெளியைப் பார்க்கலாம். வில்லிஸ் ஜீப்பில் அது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்திற்கு 2,000 முறை சுழலும்போது அப்பாயிண்டுகள் 4,000 முறை திறந்து மூடுகின்றன. அவை தேய்வதும் கரிவதும் வியப்பன்று.

பொறி நன்றாயிருந்தால், இக்னிஷனை அணைத்துவிட்டுப் பெட்ரோலை நோக்க வேண்டும். ஜீப்பில் பெட்ரோல் பம்ப் எஞ்சினின் கேம் தண்டினால் இயங்குகிறது. கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயை அங்கே கழற்றி, அதன் வாயை ஒரு புட்டியினுள் விட்டு, காயிலின் கம்பியைக் கழற்றி வைத்த நிலையிலேயே எஞ்சினைச் சுழற்றினால் பெட்ரோல் விட்டுவிட்டுப் பாய வேண்டும். தொடக்ககால லாண்ட் ரோவரில் பம்ப் மின்சாரத்தால் இயங்குவது. சாவியைத் திருப்பியவுடன் 'டிக், டிக்' என்று ஒலித்து, கார்புரேட்டர் நிறைந்தவுடன் அமைதியாகும். ஒலியே இல்லையெனில் பம்புக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது அதன் பாயிண்டுகள் ஒட்டிக்கொண்டன. ஓயாமல் வேகமாக ஒலித்தால் பெட்ரோலுக்குப் பதில் காற்றை உறிஞ்சுகிறது. காது கொடுத்துக் கேட்பதே இங்குச் சோதனையாகிவிடுகிறது.

வெப்பத்தினால் குழாயில் ஆவியடைப்பு நேர்ந்ததா என்பதை அறிய மேலும் ஓர் எளிய வழி உண்டு. நனைத்த துணியைப் பம்பின்மேலும் குழாயின்மேலும் சுற்றிக் குளிர்விக்க வேண்டும், காயிலைத் தொடலாகாது. ஓரிரு நிமிஷங்களில் எஞ்சின் கிளம்பினால் குறை பெட்ரோல் வழியில் இருந்தது எனலாம். முன்னர்க் கூறிய உதாரணத்தில் இருபது நிமிஷக் காத்திருப்பால் பிரித்தறிய முடியாத இரண்டு காரணங்களை, ஒரு துணியும் ஒரு குவளைத் தண்ணீரும் பிரித்துக் காட்டிவிடுகின்றன. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்னும் விதியின் பயன் இதுவே.

செங்குத்தான ஏற்றத்தில் நின்ற வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இங்கே அவசியம். அங்கே முதற் கடமை பழுதறிதல் அன்று. கால்பிரேக்கை அழுத்தியபடி, பின்செல்லும் கியரில் போட்டு, கிளச்சை விட்டு, கைபிரேக்கையும் இழுத்து, சக்கரங்களுக்குக் கல் வைத்த பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். கிளச்சை மிதித்தபடி வண்டியைப் பின்னோக்கி உருளவிடுவது பெரும் ஆபத்தாகும்.

உயரமும் எரிபொருளும்

மலைப்பாதையில் இப்பழுது மிகுவதற்குப் பௌதிகக் காரணங்கள் உண்டு. சந்தக்பூவின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 64 சதவீதமே. தண்ணீர் அங்கே சுமார் 88 டிகிரியிலேயே கொதிக்கிறது. தண்ணீருக்கு நேர்வதே பெட்ரோலுக்கும் நேர்கிறது. அழுத்தம் குறையக் குறைய அது குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகிறது. அன்றியும் காற்றின் அடர்த்தி குறைவதால், சமவெளிக்கென அமைத்த கார்புரேட்டர் மலையுச்சியில் தேவைக்கு மேற்பட்ட பெட்ரோலைக் கலக்கிறது. அடர்த்தி 70 சதவீதமாகக் குறையும்போது கலவையில் பெட்ரோலின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. பிளக்குகளில் கரி படிந்து எஞ்சின் தள்ளாடுவதற்கு இது போதுமானது. இதனை அறியாதவர் மலையில் பிளக்குகளைக் குறை கூறுவார். சமவெளிக்கு இறங்கியவுடன் அதே பிளக்குகள் குணமாவதைக் கண்டு திகைப்பார்.

எரிபொருளிலும் மாறுதல் வந்துள்ளது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் படிப்படியாக விற்பனைக்கு வந்து, 2025ஆம் ஆண்டில் நாடெங்கும் பரவியது. இறக்குமதி எண்ணெயைக் குறைப்பது முதலிய நோக்கங்கள் இதற்கு உண்டு. அவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் பல பத்தாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ரப்பர்க் குழாய்களும் பம்பின் சவ்வும் எத்தனாலைத் தாங்குமாறு அமைக்கப்பட்டவை அல்ல. அவை உப்பி மென்மையாவதும் வெடிப்பதும் உண்டு. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. நெடுநாள் நின்ற வண்டியின் டாங்கில் நீர் மிகுந்தால், நீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியே பிரிந்து நிற்கும். உறிஞ்சுகுழாயின் வாய் இருப்பதும் டாங்கின் அடியில்தான். டாங்கில் பழைய காலத்துப் படிவுகள் இருந்தால் அவை கரைந்து வடிகட்டியை அடைப்பதும் உண்டு. எனவே பழைய வண்டியை வைத்திருப்போர் குழாய்களையும் சவ்வையும் தக்க பொருளில் மாற்றிக்கொள்வதும், டாங்கின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் வடித்துப் பார்ப்பதும் நல்லது. எனினும் எல்லாப் பழுதையும் எத்தனாலின் தலையில் சுமத்துவதும் பாகம் மாற்றும் பழக்கத்தின் மற்றொரு வடிவமே. புட்டியில் இரண்டு அடுக்கு தெரிகிறதா, இல்லையா என்பதைப் பார்த்த பின்னரே அக்குற்றச்சாட்டைக் கூற வேண்டும்.

இரண்டு மறுப்புகள்

இம்முறைக்கு எதிராக இரண்டு வாதங்கள் கூறப்படலாம். முதலாவது, சாலையில் நிற்கும் வண்டியை ஓடச்செய்வதே அவசரம். ஆராய்ச்சிக்கு அங்கே நேரமில்லை என்பது. இவ்வாதத்தில் நியாயம் உண்டு. நோயாளி உள்ளே இருக்கையில், எவ்விதமேனும் வண்டியைக் கிளப்புவதே தருமம். ஆனால் பொறியைச் சோதிக்க மூன்று நிமிஷங்களும், பெட்ரோலைச் சோதிக்க ஐந்து நிமிஷங்களும் போதும். தேவையற்ற பாகத்தைக் கழற்றி மாட்டுவதற்கு அதனினும் மிகுந்த நேரம் ஆகிறது. அவசரமே முறையை வேண்டுகிறது. மேலும், வழியில் செய்த மாறுதல் உண்மையான பரிகாரமா என்பதைத் தலைமையிடம் திரும்பிய பின் சோதிக்கலாம். கழற்றிய பழைய பாகத்தை எறிந்துவிடாமல் வைத்திருந்து, மறுபடியும் பொருத்தி, எஞ்சினை நன்கு சூடேற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். பழுது திரும்ப வந்தால் அந்தப் பாகமே காரணம். வராவிட்டால் காரணம் வேறு எங்கோ இன்னும் ஒளிந்திருக்கிறது.

இரண்டாவது வாதம், பழைய வண்டிகளின் காலம் முடிந்துவிட்டது என்பது. 15 ஆண்டுகள் கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து செல்லாது என்று மத்திய அரசு விதித்தது. பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு, உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகியவற்றிற்கான சிறப்பு வாகனங்களுக்கு மட்டுமே இதில் விலக்கு உண்டு. புதிய வாகனங்களில் பழுதைத் தானே குறியீடாகக் காட்டும் மின்னணுக் கருவிகள் இருக்கின்றன. அங்ஙனமாயின் இப்பழைய முறையைக் கற்பது எதற்கு?

குறியீடு காட்டுவது அறிகுறியையே அன்றிக் காரணத்தை அன்று என்பதே இதற்கு விடை. கலவையில் காற்று மிகுந்துள்ளது என்று கருவி சொல்லும். அதற்குக் காரணம் குழாய்க் கசிவா, பம்பின் தளர்ச்சியா, உணர்கருவியின் பிழையா என்பதை மனிதனே ஆராய்ந்தறிய வேண்டும். குறியீட்டில் பெயர் வந்த பாகத்தை உடனே மாற்றிவிடுவது, காயிலை ஊகத்தால் மாற்றியதன் புதிய வடிவமே. வேறுபாடு, இப்போது பாகத்தின் விலை பன்மடங்கு என்பதுதான். டீசல் எஞ்சினிலும் இதே நெறி செல்லும். அங்கே பிளக்கின் பொறி இல்லை. எனவே டீசல் வருகிறதா, அதனுடன் குழாயில் காற்று புகுந்துள்ளதா, உள்ளிழுக்கும் காற்றின் வடிகட்டி அடைபட்டதா என்று வரிசையாகக் கேட்டுச் செல்ல வேண்டும். கேள்விகள் மாறலாம்; ஒரு சமயத்தில் ஒரு கேள்வி என்னும் விதி மாறாது.

ஆசிரியர்களுக்கு

பௌதிக ஆசிரியருக்கு ஒரு பழைய எஞ்சினைப்போல் உதவும் சாதனம் வேறொன்று எளிதில் கிடையாது. தொழிற்பயிற்சி நிலையங்களில் மாணவர்கள் பிரித்துக் கோக்கும் பெட்ரோல் எஞ்சினைக் காண உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஒரு நாள் அழைத்துச் செல்லலாம். மின்தூண்டல் என்பதைக் காயிலும், மின்தேக்கி என்பதைக் கண்டென்ஸரும், மிதத்தல் விதியைக் கார்புரேட்டரின் மிதவையும் கண்முன் நிறுத்துகின்றன. அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும் என்பதைக் காட்டப் பெட்ரோலைத் தொடவே வேண்டாம். வகுப்பறையில் பெட்ரோலுக்கு இடமில்லை. ஊசி நீக்கிய ஸிரிஞ்சில் நன்கு சூடான, ஆனால் கொதிக்காத தண்ணீரைச் சிறிது எடுத்து, காற்றை வெளியேற்றி, வாயை அடைத்து, தண்டைப் பின்னே இழுத்தால், அத்தண்ணீர் குமிழியிட்டுக் கொதிப்பதை மாணவர் காண்பர். ஆவியடைப்பு என்றால் என்ன என்பதை அதன்பின் விளக்க வேண்டியதில்லை. கையைச் சுடாதவாறு தடித்த துணியால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இவற்றினும் சிறந்த பாடம் ஒன்றுண்டு. மேலே கூறிய காயில் கதையை மாணவரிடம் சொல்லி, 'காயில்தான் காரணம் என்பது நிரூபணமாயிற்றா?' என்று ஆசிரியர் கேட்கலாம். பெரும்பாலோர் 'ஆம்' என்றே விடையளிக்கக் கூடும். 'இருபது நிமிஷங்களில் வேறு என்னவெல்லாம் மாறின?' என்பது அடுத்த கேள்வி. 'இரண்டு காரணங்களையும் பிரித்துக் காட்ட என்ன செய்திருக்கலாம்?' என்பது மூன்றாவது. மூன்றாவது கேள்விக்குத் தாமே விடை கண்ட மாணவர், பிற்காலத்தில் மருந்து விளம்பரத்தையும் வதந்தியையும் அதே கண்ணால் பார்ப்பார். விஞ்ஞானக் கல்வியின் பயன் இதனினும் வேறு என்ன இருக்க முடியும்?

செய்யத்தக்கது

களப்பணி வாகனம் ஒவ்வொன்றிலும் ஓட்டப் புத்தகம் இருக்கிறது. புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், ஓடிய தூரம், நிரப்பிய எரிபொருள் ஆகியவை அதில் எழுதப்படுகின்றன. அதன் கடைசிப் பக்கங்களில் எஞ்சின் நின்ற நிகழ்ச்சிகளுக்கென ஓர் அட்டவணை வரைந்துகொள்வது கடினமன்று. புறப்பட்டு எத்தனை கிலோமீட்டரில் நின்றது; ஏற்றமா, சமநிலமா; எஞ்சின் சூடா, ஆறியதா; சட்டென்று நின்றதா, தள்ளாடி நின்றதா; முதலில் செய்த சோதனை எது, அதன் விடை என்ன; எதை மாற்றினார்கள்; கிளம்புவதற்கு முன் எத்தனை நிமிஷம் நின்றது; அதே பழுது மறுபடியும் வந்ததா. இவ்வெட்டு விவரங்கள் போதும். எழுத நேரமில்லாத ஓட்டுநர் வாயால் சொல்ல, உடன் சென்ற ஊழியர் எழுதலாம். பாகம் கேட்டு எழுதும் கடிதத்துடன் இப்பக்கத்தின் நகலும் இணைக்கப்பட்டால், எதற்காக அப்பாகம் வேண்டும் என்பது அனுமதிக்கும் அதிகாரிக்கும் விளங்கும். தேவையற்ற செலவின் பழி ஓட்டுநர்மேல் விழுவதும் நிற்கும்.

ஒரு நிகழ்ச்சியின் குறிப்பு சிறிதளவே சொல்லும். ஆறு மாதக் குறிப்புகளை ஒருசேர வைத்துப் பார்த்தால், வண்டி எப்போதும் பிற்பகலில் நிற்கிறதா, எப்போதும் டாங்க் கால்பங்காகக் குறைந்த பின் நிற்கிறதா, மழைநாளில் மட்டும் நிற்கிறதா என்பது தானே புலப்படும். அப்போது மூடியைத் திறப்பதற்கு முன்பே பாதி விசாரணை முடிந்திருக்கும். அட்டவணைக்கு வேண்டியவை ஒரு கோடிட்ட தாளும், பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் பழக்கமும்தான். அடுத்த முறை வண்டி நிற்கும்போது, கருவிப்பெட்டிக்கு முன் அத்தாளை எடுத்து, நின்ற நேரத்தை முதல் வரியில் குறித்துக்கொள்வதிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம்.